குளிரைத் தடுக்கும் சுவர்

(நன்கொடையாளர் நன்றிக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய கூட்டங்களில் பொருளாளர் கணக்கைச் சொல்வார், டாக்டரம்மா நோயாளிகளைப் பற்றிச் சொல்வார், போதகர் வேதத்தைச் சொல்வார். அதுதான் வழக்கம். இன்றைக்குப் போதகர் சுவரைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்துச் சிலர் புன்னகை செய்ததை மேடையிலிருந்து நான் கவனித்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் இரண்டு அறைகள் கட்ட வேண்டும் என்று ஜெபித்து வருகிறோம். எப்படிக் கட்டுவது என்பதில் கட்டிடக் குழுவில் இரண்டு கருத்துகள் எழுந்துள்ளன. நாம் என்றைக்கும் கட்டுவதுபோல் கான்கிரீட் தூண், செங்கல் சுவர், கான்கிரீட் கூரை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பொருளை வைத்து, தொழிற்சாலையிலேயே செய்து வரும் பேனல்களால் கட்டலாம் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். செலவாகப் போவது உங்கள் காணிக்கை. ஆகையால் இரு பக்கத்து நியாயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில், இது ஏன் ஒரு ஆஸ்பத்திரியின் கவலை?

கொல்லிமலை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் சோளக்காடு வரும். கார்த்திகை பிறந்தால் பனி இறங்கும்; மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும். பெரியவர்கள் கம்பளி போர்த்திக்கொள்ளலாம். பிறந்த குழந்தை என்ன செய்யும்? தாயின் வயிற்றில் 37 டிகிரி வெப்பத்தில் இருந்த பிள்ளை, உடம்பெல்லாம் ஈரத்தோடு ஒரு நொடியில் வெளியே வருகிறது. அந்த ஈரம் காயும்போதே உடம்பின் சூட்டைக் கொண்டுபோகிறது. குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது குளிர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். எடை குறைந்த பிள்ளைக்குச் சேமிப்புக் கொழுப்பும் இல்லை. அது பால் குடிக்க வேண்டிய பலத்தைச் சூடு உண்டாக்குவதில் செலவழித்து, சோர்ந்து, நோய்க்கு இடம் கொடுத்துவிடும். ஆகவேதான் பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதற்கு மருந்துக் கடையில் விலைக்கு வாங்க முடியாத ஒரு வைத்தியம் உண்டு. 1978-ஆம் ஆண்டில் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரத்தில் இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த ஒரு ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைக்கச் செய்தார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று இன்று உலகமெங்கும் நடக்கிறது. நம் ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாய் தன் மார்பைத் திறந்து பிள்ளையை அணைக்க வேண்டுமானால் அந்த அறையில் குளிர் நடுக்கக் கூடாது. ஜன்னல் இடுக்கில் பனிக்காற்று வீசும் அறையில், நேற்றுப் பிரசவித்த பெண்ணிடம் சேலையை விலக்கு என்று எந்த நர்ஸம்மா சொல்வார்? அறை சூட்டைப் பிடித்து வைத்தால்தான் தாய் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியும்.

இப்போது பேனலுக்கு வருவோம். இது ஏதோ புதிய அதிசயம் என்று எண்ண வேண்டாம். உங்களில் பலர் இதைக் கையில் தூக்கியே இருக்கிறீர்கள். போலியோ சொட்டு மருந்து நாளில் சபை வாலிபர்கள் சுமந்து வந்த நீலப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதன் வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் நடுவே இருப்பது நுரைபோன்ற ஒரு பொருள். உள்ளே நான்கு பனிக்கட்டிப் பொதிகள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே மருந்து குளிர்ந்தே இருக்கிறது. அந்தப் பெட்டியை அறையளவு பெரிதாக்கினால் அதுவே பேனல் கட்டிடம். வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும் அதே சுவர், வெப்பம் வெளியே போகாமலும் தடுக்கும்.

வேதம் வாசிக்கிறவர்களுக்கு இன்னும் பழைய உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் நிறுத்திய ஆசரிப்புக் கூடாரம் எப்படிக் கட்டப்பட்டது? சீத்தீம் மரப் பலகைகள் தெற்கே 20, வடக்கே 20, மேற்கே மூலைப் பலகைகளோடு சேர்த்து 8, ஆக 48. ஒவ்வொன்றும் பத்து முழ உயரம், ஒன்றரை முழ அகலம். எல்லாம் ஒரே அளவு. பலகைக்கு இரண்டு கழுந்து, அவை பொருந்த வெள்ளிப் பாதங்கள், பலகைகளை இணைக்கத் தாழ்ப்பாள்கள். கூரையோ ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு: மெல்லிய பஞ்சுநூல், வெள்ளாட்டு மயிர், ஆட்டுக்கடாத் தோல், அதன்மேல் தகசுத்தோல். மெராரியின் புத்திரர் பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றி அடுத்த இடத்தில் நிறுத்துவார்கள். முன்கூட்டியே செய்து, சுமந்து சென்று, பொருத்தி நிறுத்தும் கட்டிடம் மோசே காலத்திலேயே உண்டு. பகலில் வெயிலும் இரவில் குளிரும் வாட்டும் தேசத்தில் அடுக்கடுக்கான கூரையின் அருமை அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

இக்கால முறை அமெரிக்காவில் 1935-இல் தொடங்கியது. விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரத்தில் உள்ள அரசாங்க வனப்பொருள் ஆராய்ச்சிக் கூடத்தார் மரப் பேனல்களால் வீடு கட்டிப் பரிசோதித்தார்கள். 1952-இல் ஆல்டன் டௌ என்னும் கட்டிடக் கலைஞர் நடுவே நுரைப் பொருளை வைத்தார். அந்த நாட்டில் வழக்கமான வீடு மரச்சட்ட வீடு. ஒன்றரையடிக்கும் குறைவான இடைவெளியில் செங்குத்தாக மரச்சட்டங்களை நிறுத்தி, இடையிலே கண்ணாடிப் பஞ்சை அடைத்து, இருபுறமும் பலகை அடிப்பார்கள். அதில் குறை என்ன? பஞ்சு வெப்பத்தைத் தடுக்கிறது. சட்டமோ அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. ஒவ்வொரு சட்டமும் சூடு வெளியேறும் பாலமாகிவிடுகிறது. பஞ்சு சரியாக அடைபடாத மூலைகளிலும் பலகை இடுக்குகளிலும் காற்று புகுகிறது. பேனலில் சட்டங்கள் மிகக் குறைவு, இடுக்கும் குறைவு. ஆகவே ஒரே கனமுள்ள சுவரானாலும் பேனல் சுவர் சூட்டை அதிகமாகக் காக்கிறது. நம் ஊரில் மரச்சட்டத்தின் இடத்தில் கான்கிரீட் தூணும் உத்தரமும் இருக்கின்றன. அவை செங்கல்லைவிடவும் எளிதாகச் சூட்டைக் கடத்தும்.

எவ்வளவு வித்தியாசம்? இன்ஜினியர் தம்பி ஒருவர் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்லுகிறேன். உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வழியே ஏறக்குறைய 2 வாட் வெப்பம் ஓடிவிடுகிறது. கான்கிரீட் கூரையில் அது 3.5 வாட்டுக்குக் குறையாது. 50 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை வைத்த பேனலிலோ அரை வாட்டுக்கும் குறைவு.

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரும் சேர்ந்து 42 சதுர மீட்டர், கூரை 12 சதுர மீட்டர். உள்ளே 26 டிகிரி வேண்டும், வெளியே 14 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். செங்கல்லும் கான்கிரீட்டுமான அறையில் சுவரும் கூரையும் இழப்பது ஏறக்குறைய 1500 வாட். பேனல் அறையில் ஏறக்குறைய 280 வாட். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு முன்னதில் 18 யூனிட் மின்சாரம், பின்னதில் மூன்றரை யூனிட். கதவு ஜன்னல் வழியே போகும் சூடு இரண்டுக்கும் தனி. செங்கல் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொஞ்சம் திருப்பித் தரும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வெயிலே முகம் காட்டாத மூடுபனி நாட்களில் திருப்பித் தர அதனிடம் என்ன இருக்கும்?

மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. மலையில் காற்றடித்து மரம் விழுந்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டு இன்வர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1.8 யூனிட். 1500 வாட் ஹீட்டரை அது ஒரு மணி நேரம் தாங்குவதே அரிது. 300 வாட்டானால் நான்கைந்து மணி நேரம் தாங்கும். கரண்ட் போன ராத்திரியில், பேட்டரி தீர்ந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது சுவர் ஒன்றுதான். அது எப்படிப்பட்ட சுவர் என்பது அந்த இரவில் தெரியும்.

மலையில் கட்டுகிறவர்கள் கணக்கிட வேண்டிய இன்னொன்று பாரம். நான் சொன்ன அறையின் நான்கு செங்கல் சுவர்கள் மட்டும், கதவு ஜன்னலைக் கழிக்காவிட்டால், ஏறக்குறைய 20 டன். சுவருக்கும் கூரைக்கும் சேர்த்துப் பேனல் ஒரு டன்னுக்குள் அடங்கும். 70 வளைவுகளில் எத்தனை லாரி நடை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கொல்லிமலை ஊழியத்தின் ஆரம்பத்தை அறிந்தவர்களுக்கு இந்தப் பாரத்தின் கதை புதிதல்ல. 1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்னும் மிஷனெரித் தம்பதியர் இந்த மலையில் குடியேறியபோது சாலையே கிடையாது. யாவும் தலைச்சுமையாக ஏற வேண்டும். ஜெஸ்ஸி ஐயா கட்டிட வேலை பயின்றவர். மரத்தால் வீடு கட்டி, அதைத் தரையில் வைக்காமல் தூண்களின்மேல் நிறுத்தி, தூணுக்கும் வீட்டுக்கும் நடுவே உலோகத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார், கரையான் ஏறாதபடிக்கு. வைத்தியம் பார்த்த அதே கை, மலைவாசிகளுக்குத் தச்சு வேலையையும் கற்றுக்கொடுத்தது. 1929-இல் அவர் கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். எவலின் அம்மையார் முதிர்வயதிலும் மலைகளைவிட்டு இறங்க மறுத்து, 1974-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914-இல் இந்த மலைக்குடும்பத்தில் பிறந்தவர். தாமும் முதலில் கட்டிடத் தொழில் பயின்று, பிறகு மருத்துவரானார். வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையால் திறந்தவர் அவரே. அங்கே அவர்களுக்கென்று அமைத்த நவஜீவ நிலையத்தில் பெரிய மாளிகை எழுப்பாமல், கிராமத்து வீடுகளைப்போல் மண் குடிசைகளைக் கட்டினார். தன் ஊர் வீட்டுக்குத் திரும்பப் போகிறவன் அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தே தன் கையைக் காக்கப் பழக வேண்டும் என்பது நோக்கம். யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை முதலில் கேட்டு, எதனால் கட்டுகிறோம் என்பதைப் பிறகு தீர்மானிக்கிற பாடம் நமக்கு அங்கே இருக்கிறது.

அப்படிக் கேட்டால் மலைவாசிகளின் வீடே நமக்கு ஒரு பாடப்புத்தகம். கனமான மண் சுவர், அதன்மேல் புல் வேய்ந்த கூரை. அரையடி கனமுள்ள புல் கூரை, இரண்டு அங்குல நுரைப் பேனலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே வெப்பத்தைத் தடுக்கும். இரண்டிலும் வேலை செய்வது ஒன்றே: அசையாமல் சிறைப்பட்ட காற்று. புல்லை எடுத்துவிட்டுத் தகரமோ சிமெண்டு ஷீட்டோ போட்ட வீட்டில், பகலில் வெந்து இரவில் விறைக்கிறார்கள். மழை ஒழுகாது என்பது உண்மை; சூடு நிற்காது என்பதும் உண்மை. ஆயினும் பிரசவ அறைக்குப் புல் கூரை ஆகாது. தீப்பிடிக்கும், பூச்சி விழும், அடிக்கடி மாற்ற வேண்டும், கழுவித் துடைக்க முடியாது. புல்லின் குணமும் கழுவக்கூடிய சுத்தமும் ஒரே சுவரில் வேண்டும் என்பதால்தான் பேனலை யோசிக்கிறோம்.

நம் தேசத்திலும் இது நடந்து வருகிறது. 2013-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கண்ணாடியிழை சேர்ந்த ஜிப்சம் பேனல்களால் ஒரு மாதிரிக் கட்டிடம் எழுப்பினார்கள். 2021-இல் மத்திய அரசு ஆறு நகரங்களில் புதுமுறை வீடுகளுக்கு அடிக்கல் நாட்டியது. அதில் இந்தூரில் 1024 வீடுகள், நடுவே வெப்பத்தடை வைத்த பேனல் முறையில் அமைந்தவை. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1152 வீடுகள் முன்வார்ப்புக் கான்கிரீட்டால் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டன. வீட்டின் சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை விடலாம் என்பதற்கு 2018-இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பும் வந்தது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்திருக்கிறார். செலவு என்றால் ரூபாய் மட்டுமல்ல.

முதலாவது, தீ. நுரைப் பேனல் எரியக்கூடியது. எரிந்தால் நச்சுப் புகை வரும். 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்னும் அடுக்குமாடிக் கட்டிடம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். சுவருக்கு வெளியே போர்த்தியிருந்த, அலுமினியத் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் வைத்த பலகைகள் தீயை மாடிக்கு மாடி ஏற்றிவிட்டன. ஓடமுடியாத தாய்மார் படுத்திருக்கும் அறைக்கு அது ஆகாது. இதற்கு மாற்று, கல்லை உருக்கி நூலாக இழுத்த பாறைப் பஞ்சு வைத்த பேனல். அது எரியாது. 50-க்குப் பதில் 75 மில்லிமீட்டர் கனம் வேண்டும், பாரமும் சற்று அதிகம், அவ்வளவே. மேலே சொன்ன 280 வாட் ஏறக்குறைய 320 வாட் ஆகும். அந்த 40 வாட்டுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, காற்று. இடுக்கில்லாத அறை சூட்டை மட்டுமல்ல, கெட்ட காற்றையும் பிடித்து வைக்கும். காசநோயாளி இருமும் இடத்துக்கு மூடிய அறை ஆகவே ஆகாது. ஆகையால் வெளிநோயாளிப் பிரிவும் பொது வார்டும் உயர்ந்த ஓட்டுக்கூரையும் திறந்த தாழ்வாரமுமாகவே இருக்கட்டும். பேனல் அறைக்கும் திட்டமிட்ட காற்றுவழி வேண்டும். ஒன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: அந்த அறைக்குள் கரியடுப்பு மூட்டவே கூடாது. வீட்டுப் பழக்கத்தில் பாட்டிமார் கங்குச் சட்டியைக் கொண்டுவருவார்கள். இடுக்குள்ள வீட்டில் தப்பித்துக்கொள்ளலாம்; இடுக்கில்லாத அறையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

மூன்றாவது, தண்ணீர். பாறைப் பஞ்சு நனைந்தால் வெப்பத்தைத் தடுக்கும் குணம் போய்விடும்; தகடு துருவும். ஆகவே உயரமான கல் அடித்தளமும், அகலமாக நீட்டிய கூரை விளிம்பும், இணைப்புகளில் நல்ல அடைப்பும் வேண்டும்.

நான்காவது, வேலை. தொழிற்சாலைப் பேனல் வாங்கினால் பணம் மலையைவிட்டுப் போகும். மலைக் கொத்தனார் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த ஆட்சேபத்தை எழுப்பியவர் நம் கட்டிடக் குழுவின் மூத்த அங்கத்தினர். அது நியாயமான ஆட்சேபம். இதற்கு வழிகாட்டியாக ஒருவரை நினைக்கிறேன். 1945-இல் தொழுநோய் மிஷனுக்குக் கட்டிட வேலை செய்ய இந்தியா வந்தவர் லாரி பேக்கர். மருத்துவரான தம் மனைவியோடு இமயமலைப் பகுதியில் பித்தோராகரில் ஆண்டுக்கணக்காக ஊழியம் செய்து, பிறகு கேரளத்தில் எளிய கட்டிடக் கலையால் பேர்பெற்று, 2007-இல் மறைந்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் நாடெங்கும் பரப்பினார். ரேட் டிராப் பாண்டு என்பார்கள். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். நடுவில் உள்ள காற்று சூட்டையும் ஓரளவு தடுக்கும். பேனலுக்கு ஈடாகாது. ஆனால் அதை மலைக் கொத்தனாரே கட்டுவார்.

ஆகவே கட்டிடக் குழு இப்போது ஒருமனப்பட்டிருக்கும் யோசனை இது. பிரசவ அறை, பச்சிளங்குழந்தை அறை ஆகிய இரண்டு மட்டும் 75 மில்லிமீட்டர் பாறைப் பஞ்சுப் பேனல். அடித்தளமும் மற்ற அறைகளும் தாழ்வாரமும் உள்ளூர்க் கல்லும் செங்கல்லும், உள்ளூர்க் கையாலேயே. பேனல் பொருத்த வருகிறவர்களோடு மலையைச் சேர்ந்த இளைஞர்கள் சிலரும் கூலி பெற்று வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. நாளைக்கு ஒரு இணைப்பு பிரிந்தால் அடிவாரத்திலிருந்து ஆள் வரும்வரை பிள்ளைகள் குளிரில் கிடக்கக் கூடாதல்லவா?

ஒருவர் என்னிடம், "ஐயா, கான்கிரீட் கட்டிடம் என்றால் எங்கள் தகப்பனார் பேரைக் கல்லில் பொறிக்கலாம்; தகடு வீட்டில் எங்கே பொறிப்பது?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனால் அதில் நம் எல்லாருடைய மனமும் இருக்கிறது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதற்குக் கொடுப்பது எளிது. சுவருக்குள் மறைந்திருக்கும் மூன்று அங்குலப் பஞ்சுக்குக் கொடுப்பது கடினம். ஒருவரும் அதைப் பார்க்கப் போவதில்லை.

ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால் பொழுது அஸ்தமிக்கும் முன்னே திருப்பிக் கொடுத்துவிடு என்பது நியாயப்பிரமாணத்தின் கட்டளை. இரவில் அவன் எதைப் போர்த்துப் படுப்பான் என்று தேவன் கவலைப்பட்டார். இராஜாக்களையும் ராஜ்யங்களையும் ஆளுகிறவர், ஓர் ஏழை குளிரில் படுப்பதைக் கணக்கில் வைத்திருக்கிறார். அவருடைய குமாரன் பிறந்த ராத்திரியில் தாய் செய்த முதல் காரியமும் பிள்ளையைத் துணிகளில் சுற்றியதுதான்.

அன்பானவர்களே, மதிப்பீட்டு விவரங்களைப் பொருளாளர் உங்கள் சபைகளுக்கு அனுப்பி வைப்பார். கொடுக்கக் கூடியவர்கள் ஒரு சதுர மீட்டரோ பத்துச் சதுர மீட்டரோ ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுக்க இயலாதவர்கள் ஜெபத்தில் தாங்குங்கள். கம்பளி பின்னத் தெரிந்த சகோதரிகள் குழந்தைக் குல்லாய்களை அனுப்பலாம். பிள்ளையின் தலை வழியாகவே நிறையச் சூடு போய்விடுகிறது. அடுத்த கார்த்திகைப் பனி இறங்குமுன் கூரை மூட வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். கர்த்தர் உங்களையும் உங்கள் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.